பழைய காசை போனில் படம் எடுக்கிறீர்களா? ஃபில்டர் பக்கம் போகாதீங்க!

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் வட்டாரத்தில் பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு லைட் பாக்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். பகல் வெளிச்சத்துக்கு இணையான டி65 விளக்கில் வைத்துத்தான் துணியின் ஷேடைச் சரிபார்ப்பார்கள். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறித் தெரியும். காசைப் படம் எடுப்பதற்கும் இதேதான் பாலபாடம்.

ஏன் இவ்வளவு கவனம்?

கொங்கு மண்ணில் பழங்காசுகளுக்குப் பஞ்சமில்லை. கோவை வெள்ளலூரில் 1842-ல் மட்டும் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கரூர் அமராவதி ஆற்றில் ‘மாக்கோதை’ என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த சேரர் காசு கிடைத்தது. தமிழியில் ஒரு சின்னக் கோடு கூடினாலோ குறைந்தாலோ எழுத்தே மாறிவிடும். தேய்ந்த காசைப் ‘பளிச்’னு காட்டுவதற்காக ஏஐ ஆப் இல்லாத கோட்டை வரைந்துவிட்டால், வரலாறே தப்பாகிவிடும்.

எப்படி எடுப்பது?

1957-ல் வந்த ஒரு நயா பைசாவின் விட்டம் 16 மில்லிமீட்டர்தான். இதற்காகப் போனை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் ஃபோகஸ் ஆகாது, போனின் நிழலும் விழும். சற்றுத் தள்ளி வைத்து 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். போனை இரண்டு டப்பாக்கள் மேல் அசையாமல் வைத்து, டைமர் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஒரு பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் விழுந்தால் எழுத்து மேடு மேடாகத் தெரியும். காசு ரொம்ப மின்னினால் விளக்குக்கும் காசுக்கும் நடுவே வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். ஓரத்தில் ஒரு ஸ்கேலும் இருக்கட்டும்.

எடிட்டிங்கில் எதுவரை போகலாம்?

கிராப் செய்யலாம், நேராகத் திருப்பலாம். வெள்ளைத்தாள் வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு நிறத்தைச் சரிசெய்யலாம். அவ்வளவுதான். நிறத்தை ஏற்றினால் செம்பும் தங்கம் மாதிரி ஆகிவிடும். பின்னணியை அழிக்கும் ஆப், காசின் தேய்ந்த விளிம்பையும் சேர்த்தே வெட்டிவிடலாம். விற்கவோ வாங்கவோ போகும்போது இதுவே ஏமாற்றாகிவிடும். எடிட் செய்யாத ஒரிஜினல் படத்தை அழிக்காதீர்கள்.

தேய்த்துக் கழுவலாமா?

கூடவே கூடாது. புளி போட்டுத் தேய்த்தால் களிம்போடு எழுத்தும் போய்விடும். படத்தைப் போல இதற்கு ‘அன்டூ’ கிடையாது. மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைத்த காசு என்றால், 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே போதும், இந்த விதி பொருந்தும்.