உங்களுக்குத் தெரியுமா? விடாத தலைவலியும் ஒரு பூஞ்சையும்

★ மூளையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சியை உண்டாக்குவது பாக்டீரியாவும் வைரஸும் மட்டுமல்ல, பூஞ்சையும்தான். அந்தப் பூஞ்சைகளில் முதலில் நிற்கும் பெயர் கிரிப்டோகாக்கஸ். புறா எச்சத்திலும் மரப்பொந்தில் உளுத்துப்போன கட்டையிலும் வளர்ந்து, காய்ந்த தூளோடு காற்றில் பறந்து, மூச்சு வழியே நுரையீரலுக்குள் போகிறது. பெரும்பாலோருக்கு மூளை வரை போகாமல் அங்கேயே அடங்கிவிடும். அப்படி அடக்கி வைப்பவை நம் வெள்ளை அணுக்கள். இரத்தப் புற்றுநோய் கெடுப்பதோ அந்த அணுக்களைத்தான்.

★ 1894-ல் இத்தாலியில் பிரான்செஸ்கோ சன்ஃபெலிசே இந்தப் பூஞ்சையைப் பீச் பழச்சாற்றில் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில், ஒரு பெண்ணின் கால் எலும்புப் புண்ணில் ஓட்டோ புஸ்ஸே கண்டார்.

★ இன்று இந்த நோயின் பெயரைச் சொன்னால் பலரும் எய்ட்ஸை நினைக்கிறார்கள். எய்ட்ஸை உலகம் அறிந்தது 1981-ல். அதற்கு முன்பே ஹாட்ஜ்கின் போன்ற நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்களிடமும், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களிடமும் மருத்துவர்கள் இதைப் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

★ எல்லா இரத்தப் புற்றுநோய்க்கும் ஒரே பூஞ்சை வருவதில்லை. கடும் கீமோவால் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கினால் ஆஸ்பெர்ஜில்லஸ், கேண்டிடா போன்றவை புகும். டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் பலவீனப்பட்டால் கிரிப்டோகாக்கஸ். அதனால்தான் டி அணுக்கள் பலவீனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்க்காரர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. நாள்பட்ட லிம்ஃபோசைட் வகை இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இப்ரூட்டினிப் மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கும் இந்த இரண்டு வகைப் பூஞ்சைத் தொற்றுகளும் வந்திருக்கின்றன. வீட்டில் விழுங்கும் மாத்திரைதானே என்று அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

★ இந்தத் துணுக்கை வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பூஞ்சையால் வரும் இந்த நோய் மெதுவாகத்தான் வரும். முதலில் ஒரு தலைவலி. வாரக்கணக்கில் விடாது. காய்ச்சல் இலேசாக இருக்கும், சிலருக்கு இல்லாமலே போகும். கழுத்து விறைப்பு என்று எல்லோரும் எதிர்பார்க்கும் அடையாளம் பலருக்கு வருவதே இல்லை. பிறகு வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, பெயர் மறப்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது. “கீமோ போட்டா தலை வலிக்கத்தான் செய்யும்” என்று பனடால் கொடுத்துக் கொண்டிருப்பதில் கரையும் நாட்கள்தான் இந்த நோயில் விலை உயர்ந்தவை.

மலாக்காவில் உம்பாய், மெர்லிமாவ், ஜாசின் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. இரத்த நோய்களுக்கான மலேசியாவின் தலைமை மையம் அம்பாங் மருத்துவமனை. காரில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல். அடுத்த அப்பாய்ன்மெண்ட் வரட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். காத்திருக்காதீர்கள். சிகிச்சை தரும் வார்டுக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள், அல்லது மலாக்கா மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். பட்டணத்துக் கிளினிக்குக்குப் போனாலும், தலைவலியைச் சொல்லும் முன் இரத்தப் புற்றுநோய் இருப்பதைச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். அது தெரியாத மருத்துவருக்கு முன்னால் இருப்பது வெறும் ஒற்றைத் தலைவலி.

★ உறுதிப்படுத்த முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். அந்த நீரில் கறுப்பு மை ஒரு சொட்டு கலந்து நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை. பூஞ்சையைச் சுற்றியுள்ள கூழ் போன்ற உறைக்குள் மை நுழையாது. கறுப்பு நடுவே வெள்ளை வளையங்கள் தெரியும். மை கலக்காமல் எண்ணினால் பூஞ்சையை லிம்ஃபோசைட் அணு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. புற்றுநோயே மூளை உறைக்குப் பரவியிருக்குமோ என்று தேடும் நோயாளியிடம் இந்தக் குழப்பம் ஆபத்தானது. இப்போது பூஞ்சையின் உறைப்பொருளை இரத்தத்திலும் முதுகுத் தண்டு நீரிலும் சில நிமிடங்களில் காட்டும் பட்டைச் சோதனை இருக்கிறது.

★ கூண்டுப் பறவைக்குத் தீனியாகும் பேயெள்ளு விதையும் ஆய்வகத்துக்குள் வந்தது. அந்த விதைச் சாறு சேர்த்த தட்டில் கிரிப்டோகாக்கஸ் பழுப்பு நிறமாக வளரும். ஜெர்மானியரான ஸ்டைப் 1962-ல் கண்டது இது.

★ முதுகில் நீர் எடுத்தால் நடக்க முடியாமல் போய்விடும் என்ற பயம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. இந்த நோயில் அந்த ஊசியும் ஒரு மருந்துதான். நீரின் அழுத்தம் வழக்கமாக 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். பூஞ்சை வடிகாலை அடைத்தால் அது ஏறிக்கொண்டே போய்ப் பார்வை நரம்பை நசுக்கும். 25-ஐத் தாண்டினால், தேவைப்பட்டால் நாள்தோறும் கூட, நீரை வடித்து இறக்குவார்கள். மறுத்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள்.

★ இந்த நோய்க்குத் தரும் ஃப்ளூசைட்டோசின் என்ற மருந்தை 1957-ல் உருவாக்கியது புற்றுநோய்க்காக. புற்றுநோயில் அது தோற்றது, பூஞ்சையில் வென்றது. அதோடு சேர்த்துக் கொடுக்கும் ஆம்போடெரிசின் வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது.

★ வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து கிடைக்கிறது. வோரிகோனசோல், இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரைகளை அதோடு சேர்த்தால், கல்லீரலால் வின்கிறிஸ்டினைச் சிதைக்க முடியாமல் அது உடலில் தேங்கி நரம்புகளைக் கெடுக்கும். தெரிந்தவர் வீட்டில் மிஞ்சிய பூஞ்சை மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவது அதனால்தான் கூடாது. முட்டிவலி ஜாமுவும் கூடாது: ஸ்டீராய்டு கலந்த பாரம்பரிய மருந்துகள் மலேசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன.

★ தென்கிழக்காசியாவில் காணப்படும் இன்னொரு பூஞ்சை டலரோமைசீஸ். 1956-ல் வியட்நாமில் ஒரு மூங்கில் எலியிடம் கண்டது. மனிதருக்கு இயற்கையாகத் தொற்றிய முதல் செய்தி 1973-ல் வெளியானது. அந்த நோயாளி இப்பகுதியில் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பாதிரியார். அவருக்கும் ஹாட்ஜ்கின் நோய்தான்.

★ புறாவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கீமோ நடக்கும் மாதங்களில் புறாக்கூண்டைக் கழுவுவது, எச்சம் படிந்த கூரையைப் பெருக்குவது, உளுத்த மரத்தை வெட்டுவது ஆகியவற்றை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். டில்லியில் ஆய்வாளர்கள் நாவல் மரப்பொந்துகளிலும் கிரிப்டோகாக்கஸைக் கண்டிருக்கிறார்கள். பெருக்கும் முன் தண்ணீர் தெளித்தால் தூசி கிளம்பாது.

★ கிரிப்டோகாக்கஸ் மூளையுறை நோய் ஒருவரிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை எதுவும் தேவையில்லை.