ஒரே காடு, மூன்று வேட்டைக்காரர்கள்: புலி, சிறுத்தை, செந்நாய் எப்படி ஒன்றாக வாழ்கின்றன?

நீலகிரியின் முதுமலைக் காட்டில் மூன்று பெரிய வேட்டை விலங்குகள் இருக்கின்றன: புலி, சிறுத்தை, செந்நாய். மூன்றுக்கும் மான்கறிதான் சாப்பாடு. அப்படியிருந்தும் ஒன்று மற்றொன்றை ஏன் துரத்திவிடவில்லை?

ஒரே உணவை, ஒரே இடத்தில், ஒரே விதமாகப் பயன்படுத்தும் இரண்டு இனங்கள் நீண்ட நாள் சேர்ந்து வாழ முடியாது என்கிறது சூழலியல். ரஷ்ய விஞ்ஞானி காஸ் 1934-ல் சொன்னது இது. இதில் ‘ஒரே விதமாக’ என்பதுதான் முக்கியம்.

மெனு வேறு

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தைச் சேர்ந்த நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த், மெல்வின் சன்குவிஸ்ட் செய்த ஆய்வு 1995-ல் வெளியானது. புலி அடித்த முக்கிய இரைகளின் சராசரி எடை சுமார் 92 கிலோ. செந்நாய்க்கு 43, சிறுத்தைக்கு 38. புலிக்குக் காட்டெருமையும் கடமானும். மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் புள்ளிமான் போன்றவை.

ஷிஃப்ட் வேறு

செந்நாய் கூட்டமாக, பகல் வெளிச்சத்தில் வேட்டையாடும். சிறுத்தை தனியாக, பெரும்பாலும் இருட்டில். புலியும் இரவு ஷிஃப்ட்தான். அதனால் அடித்த இரையை மரத்தில் ஏற்றிவிடுவது சிறுத்தைக்குக் கைகொடுக்கிறது.

எஸ்டேட்டுக்கு ஏன் வருகிறது?

இந்த ஏற்பாடு, இரை நிறைய இருக்கும் வரைதான். உத்தராகண்டின் ராஜாஜியில் புலிகள் பெருகியபோது சிறுத்தைகள் காட்டோரத்துக்கு நகர்ந்தன. அவற்றின் உணவில் கால்நடைகளின் பங்கு கூடியது. நாய், ஆடு, முயல் என்று எது கிடைத்தாலும் சமாளிக்கும் விலங்கு அது. குன்னூர், கூடலூர் பக்கம் தேயிலைச் செடிகளே அதற்கு நல்ல மறைவிடம்.

இதன் விலை சில சமயம் மிகப் பெரியது. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே சிறுத்தை தாக்கி 3 வயதுக் குழந்தை இறந்தது. பிடிபட்ட சிறுத்தை வண்டலூருக்கு அனுப்பப்பட்டது. ஆனால் ஒன்றைப் பிடித்தால், காலியான இடத்துக்கு இன்னொன்று வரலாம்.

அதனால் செய்ய வேண்டியது இரண்டு பக்கமும் இருக்கிறது. காட்டுக்குள் மான்களும் அவற்றுக்கான புல்வெளியும் குறையக் கூடாது. லைன் வீடுகள் பக்கம் இறைச்சிக் கழிவும் தெருநாய்களும் பெருகக் கூடாது. ஆடுமாடுகளை இரவில் பட்டியில் அடைக்க வேண்டும். இருட்டும் நேரத்தில் குழந்தைகளைத் தனியே விடக் கூடாது.