குறைத்துக் கட்டிய கார்



ஒரு மோட்டார் காரை விரைவாக ஓடச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இஞ்சினின் ஆற்றலைப் பெருக்குவது. அதற்குப் பெரும்பொருள் வேண்டும். மற்றொன்று, வண்டியின் எடையைக் குறைப்பது. அதற்குச் சிந்தனை வேண்டும். இந்த இரண்டாம் வழியில் சென்று, பழைய குடும்பக் கார்களைக் கூரையில்லாத, இருவர் மட்டும் அமரக்கூடிய ரோட்ஸ்டர் வண்டிகளாகத் தம் கையாலேயே மாற்றிக்கொண்ட ஆங்கில இளைஞர் பலர். எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது என்னும் கேள்விக்கு அவர்கள் கண்ட விடையையே இன்று ஆராய்வோம்.

அவர்களுக்கு வாய்த்த வண்டி ஆஸ்டின் செவன். 1922ஆம் ஆண்டில் அறிமுகமாகி, 1939 வரை ஏறத்தாழ 2,90,000 என்னும் அளவில் செய்யப்பட்ட சிறு கார் அது. 1945இல் போர் முடிந்தபின், பிரிட்டனில் புதிய கார்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கே சென்றன. ஆகவே இளைஞர் கைக்கு எட்டியவை இத்தகைய பழைய வண்டிகளே.

ஆஸ்டின் செவனின் அடியில் ஓர் உருக்குச் சட்டகம் உண்டு. இஞ்சின், அச்சுகள், வில்கள் யாவும் அதனுடன் பிணைக்கப்பட்டவை. மேற்கூடு தனியே செய்யப்பட்டு, அதன்மீது முடுக்கப்பட்டது. கூண்டு வண்டியின் கூண்டை இறக்கிவிட்டாலும் வண்டி ஓடுமன்றோ? அதுபோலவே இதுவும்.

மேற்கூட்டைக் கழற்றுவதால் வரும் பயனை நியூட்டனின் இரண்டாம் விதி கூறும். விசை மாறாதிருக்க, நிறை குறைந்தால் முடுக்கம் மிகும். 600 கிலோ வண்டி 400 கிலோவாயின், அதே விசை ஒன்றரை மடங்கு முடுக்கம் தரும். உயரத்திலிருந்த கூரையின் பாரம் நீங்குவதால் புவியீர்ப்பு மையமும் தாழ்கிறது. வளைவுகளில் வண்டி கவிழும் அச்சம் குறைகிறது.

ஆயினும், ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்றவேண்டும். கனத்த உடலுக்கென அமைந்த வில்கள் இலேசான உடலுக்கு மிகவும் விறைப்பானவை. மேடுபள்ளங்களில் சக்கரங்கள் துள்ளும். எனவே வில்லின் தகடுகளில் சிலவற்றைக் குறைப்பர். இருக்கையைத் தாழ்த்தினால், ஸ்டியரிங் தண்டையும் சாய்க்கவேண்டும்.

பிரேக்கைப் பற்றியும் ஒரு கணக்கிடுவோம். எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், அதே வேகத்தில் இயக்க ஆற்றலும் அவ்வளவே குறையும். ஆனால், வண்டி இலேசாயிற்றென்று 60 கிலோமீட்டருக்குப் பதில் 75 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தினால் என்னாகும்? ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், பழைய அளவையும் சற்றுக் கடந்துவிடும். எடையில் ஈட்டிய பாதுகாப்பு முழுவதையும் வேகத்தில் செலவழித்துவிட்டோம்!

இலண்டனில் பொறியியல் பயின்ற காலின் சாப்மன் என்னும் இளைஞர், 1928ஆம் ஆண்டின் ஆஸ்டின் செவன் ஒன்றை 1948இல் இவ்வாறு மாற்றி அமைத்தார். அவர் பழைய கூட்டை எடுத்ததோடு நிற்கவில்லை. சட்டகத்தை வலுப்படுத்தி, அலுமினியம் பதித்த ஒட்டுப்பலகையால் புதுக்கூடு கட்டினார். அக்கூடு இலேசாயிருந்ததுடன் வண்டியின் உறுதிக்கும் துணைநின்றது. அதுவே முதல் லோட்டஸ். 1952இல் அவர் நிறுவிய லோட்டஸ் நிறுவனத்தின் வண்டிகள், 1963 முதல் 1978 வரையில் ஏழுமுறை ஃபார்முலா ஒன் பந்தயத்தின் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றன.

இன்றைய கார்களை இவ்வாறு அறுக்கலாமா? ஒரு காலணிப் பெட்டியை எடுத்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகும். மூடியை நாற்புறமும் ஒட்டியபின் முறுக்குங்கள். அது எதிர்த்து நிற்கும். இக்காலத்துக் கார்களிற் பெரும்பாலானவற்றிற்குத் தனிச் சட்டகம் இல்லை. தளம், தூண், கூரை ஆகிய யாவும் ஒன்றுகூடிப் பாரம் தாங்கும் பெட்டி அது. கூரையை அறுத்தால் பெட்டியின் மூடியைப் பிய்த்ததாகும். விபத்தில் உள்ளிருப்போரைக் காக்கும் வலிமையும் போய்விடும். நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது.

ஆகவே, மாணவர்களே, பொறியியலில் குறைத்தல் என்பது கண்ணிற்பட்டதை வெட்டியெறிவதன்று. எந்த உறுப்பு பாரம் தாங்குகிறது, எது வெறும் பாரமாக இருக்கிறது என்று முதலில் பகுத்தறியவேண்டும். அரத்தையும் இரம்பத்தையும் எடுப்பது அதற்குப் பின்னரே.