பழைய எண் குழாயைச் சோதிக்க 170 வோல்ட் எங்கே கிடைக்கும்?



பழைய மின்னியல் கருவிகளைச் சேகரிப்பவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் ஒரு பொருள் நிக்ஸி குழாய். 1950களின் நடுவில் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எல்.இ.டி. எண்கள் பரவும்வரை கணக்குப் பொறிகளிலும் ஆய்வுக்கூட அளவிகளிலும் எண்களைக் காட்டியது இதுதான்.

இந்தக் குழாய் உயிரோடு இருக்கிறதா என்று அறிய விரும்பும் பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். 12 வோல்ட் கொடுத்துப் பார்த்துவிட்டு, எரியவில்லை என்று நல்ல குழாயைக் குப்பையில் போடுவது ஒன்று. வீட்டுச் சுவர் மின்சாரத்தை நேராகக் கொடுப்பது மற்றொன்று. முதலாவதில் பொருள் போகும். இரண்டாவதில் ஆளே போகலாம்.

குழாய்க்குள் 0 முதல் 9 வரை பத்து எண்கள் மெல்லிய உலோகத்தில் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு வலை நேர்முனையாக இருக்கும். உள்ளே நியான் வாயு. இந்த வாயு ஒளிரத் தொடங்க ஏறக்குறைய 170 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். எரிந்த பிறகு குழாயில் சுமார் 140 வோல்ட்தான் நிற்கும். மின்னோட்டமோ 2 மில்லி ஆம்பியர் அளவே போதும். ஆக, நமக்கு வேண்டியது உயர்ந்த அழுத்தம், குறைந்த ஓட்டம்.

அதை எங்கே பெறுவது? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, 12 வோல்ட்டை 180 வோல்ட்டாக உயர்த்தும் சிறிய சுற்றுப் பலகை. சுருளில் ஓடும் மின்னோட்டத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை துண்டித்து அழுத்தத்தை ஏற்றுவதே அதன் வேலை. நிக்ஸி கடிகாரம் செய்வோருக்காகவே இது விற்கப்படுகிறது. புதியவர்களுக்கு இதுவே நல்லது.

இரண்டாவது, 9 வோல்ட் பேட்டரிகள் இருபதைத் தொடராக இணைப்பது. 20 × 9 = 180 வோல்ட். வீட்டு மின்சாரத்தோடு தொடர்பே இல்லை. ஆனால் பேட்டரிதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 180 வோல்ட் எங்கிருந்து வந்தாலும் 180 வோல்ட்தான்.

மூன்றாவது, இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களை முதுகோடு முதுகாக இணைப்பது. இதில் கிடைக்கும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கினால் 300 வோல்ட்டைத் தாண்டிவிடும். அனுபவம் உள்ளவர்கள் மட்டுமே இதைத் தொடலாம். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் இரு முனைகளையும் ஒருவர் தொட்டால், வீட்டிலுள்ள மின்கசிவுத் துண்டிப்பான் அதை உணராது, காப்பாற்றாது.

எந்த வழியானாலும் நேர்முனையில் ஒரு ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், வாயு பற்றிக்கொண்டதும் ஓட்டம் கட்டுக்கடங்காமல் ஏறிக் குழாயைக் கெடுத்துவிடும். கணக்கு எளிது. 180இல் 140 போக மீதி 40 வோல்ட். அதை 2 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 20 கிலோ ஓம். சோதனைக்கு மட்டும் என்றால் 47 கிலோ ஓம் போடுங்கள். வெளிச்சம் குறைந்தாலும் குழாய்க்குப் பாதுகாப்பு. கோலாலம்பூர் ஜாலான் பசாரிலும் சிங்கப்பூர் சிம் லிம் டவரிலும் இத்தகைய உதிரிப் பாகங்களை விற்கும் கடைகள் உண்டு.

எதிர்முனையை ஒவ்வோர் எண்ணின் காலிலும் மாற்றி மாற்றி இணைத்துப் பாருங்கள். மாற்றும் முன் ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்துங்கள். எண் முழுவதும் செம்மஞ்சளாக ஒளிர்ந்தால் நல்ல குழாய். ஓர் எண் பாதி மட்டும் ஒளிர்ந்தால் அதன்மேல் உலோகப் படிவு சேர்ந்திருக்கலாம். அந்த எண்ணைச் சில மணி நேரம் எரியவிட்டால் பெரும்பாலும் தெளியும். எதுவுமே எரியாவிட்டால் காற்று புகுந்திருக்கக்கூடும். அதற்கு வைத்தியம் இல்லை.

மின்சாரத்தை நிறுத்தியதும் கை வைத்துவிடாதீர்கள். கப்பாசிட்டர் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குக் குறுக்கே 470 கிலோ ஓம் ரெசிஸ்டரை நிரந்தரமாக இணைத்துவிட்டால் தானே வடிந்துவிடும். 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் என்றால் அரை நிமிடம் காத்திருங்கள். பிறகும் மீட்டரால் அளந்து பார்த்தே தொடுங்கள். வேலை செய்யும்போது ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்வது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் நல்ல வழக்கம். மின்சாரம் இரு கைகள் வழியாக நெஞ்சைக் கடக்காது.

நிக்ஸி குழாயைச் செக் குடியரசில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். உடைந்தால் வேறு வாங்கலாம். உங்கள் பிள்ளை இந்தப் பொழுதுபோக்கில் இறங்கினால் தடுக்க வேண்டாம். முதல் சோதனையின்போது பக்கத்தில் இருங்கள், அது போதும்.