கப்பல் டூர் போறீங்களா? பாலிசி போடும்போது அப்பாவின் சுகர் மாத்திரையை மறைக்காதீங்க!

சென்னை,

பள்ளிக்கூட லீவு விட்டால் முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல். இல்லாவிட்டால் திருப்பதி. இப்போது "சிங்கப்பூர், மலேசியா, கூடவே 3 நாள் கப்பல்" என்று டூர் ஏஜென்சிகள் நோட்டீஸ் அடித்து அழைக்கிறார்கள். தவணையில் கூட பணம் கட்டலாம் என்கிறார்கள். சென்னை துறைமுகத்தில் இருந்தே 2022 ஜூன் மாதம் 'எம்பிரஸ்' என்ற சொகுசு கப்பல் கிளம்பியது. 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கைக்கும் போய் வந்தது. அதன்பிறகு சாதாரண குடும்பங்களுக்கும் "நாமும் ஒரு தடவை போனா என்ன?" என்ற ஆசை வந்துவிட்டது.

ஆசை தப்பில்லை. சீட்டு எடுத்து, போனஸ் சேர்த்து லட்சக்கணக்கில் டிக்கெட்டுக்கு கட்டுகிறவர்கள், இன்சூரன்ஸ் என்றதும் "இருக்கறதுலேயே கம்மியா ஒண்ணு போடுங்க சார்" என்று சொல்லிவிடுகிறார்களே, அதுதான் தப்பு. அதுவும் வயதான அப்பா, அம்மாவை கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை கொஞ்சம் கவனமாக படிப்பது நல்லது.

கப்பல் டாக்டர் பில்

பெரிய சொகுசு கப்பல்களில் டாக்டர், நர்ஸ், சின்ன மருத்துவமனை எல்லாம் இருக்கும். ஆனால் அது இலவசம் இல்லை. டிக்கெட் பணத்தில் சாப்பாடு அடக்கம், நீச்சல் குளம் அடக்கம், டாக்டர் அடக்கம் இல்லை. வாந்தி, மயக்கம் என்று உள்ளே போய் ஒரு டிரிப்ஸ் ஏற்றினாலும் பில் வரும். அது அறைக் கணக்கில் ஏறி, கப்பலை விட்டு இறங்கும் முன்பு கட்டியாக வேண்டும். பல கப்பல்களில் பில் டாலரில்தான்.

"நமக்குத்தான் பாலிசி இருக்கே, அவங்களே கட்டிடுவாங்க" என்று நினைக்க வேண்டாம். 'கேஷ்லெஸ்' வசதி என்பது பெரும்பாலும் கரையில் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான். கப்பலில் நாம் கட்டிவிட்டு, பில்லை வாங்கி வந்து, ஊர் திரும்பி கிளைம் போட வேண்டும். அதனால் கையில் ஒரு கார்டோ, கொஞ்சம் டாலரோ வைத்துக்கொள்வது அவசியம்.

இன்னொன்று. முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் "5 லட்சம் இருக்கு" என்று தைரியமாக இருப்பார்கள். அது இங்கே பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு. கப்பலிலும், வெளிநாட்டிலும் செல்லாது. கம்பெனியில் கொடுக்கும் மெடிக்ளைம் கார்டும் பொதுவாக இந்தியாவுக்குள் எடுக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான்.

நடுக்கடலில் நெஞ்சு வலி

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். கப்பல் டாக்டரால் முதலுதவி செய்ய முடியும். ஆஞ்சியோ செய்ய முடியாது. ஆபரேஷன் தேவைப்படும் நோயாளியை கரைக்கு கொண்டுபோக வேண்டும். கப்பல் பக்கத்து துறைமுகத்துக்கு திரும்பலாம், படகு வரலாம், ஹெலிகாப்டர் வரலாம். அந்த செலவைத்தான் பாலிசியில் 'மெடிக்கல் எவாகுவேஷன்' என்று போட்டிருப்பார்கள். கப்பல் பயணத்துக்கு பாலிசி எடுப்பவர்கள் முதலில் தேட வேண்டிய வார்த்தை இதுதான். பெட்டி தொலைந்தால் எவ்வளவு, பாஸ்போர்ட் தொலைந்தால் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் போகும் குடும்பம். அப்பா, அம்மா, மகன், மருமகள், 2 பிள்ளைகள். 2-வது நாள் ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. அவரை பினாங்கில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். கப்பல் அவருக்காக நிற்காது, கிளம்பிவிடும். மகன் கூட இறங்க வேண்டும். மருமகளும் பிள்ளைகளும் கப்பலில் தொடருவதா, அவர்களும் இறங்குவதா என்று அந்த நேரத்தில் முடிவு எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் இருந்து சென்னைக்கு எடுத்த விமான டிக்கெட் வீணாகலாம். பினாங்கில் லாட்ஜ் வாடகை தனி. ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்பார்கள்.

அதனால் பாலிசியில் ஆஸ்பத்திரி செலவு மட்டும் இருந்தால் பத்தாது. கூட இருக்கும் ஒருவருக்கு தங்கும் செலவு உண்டா, பாதியில் நின்றுபோன பயணத்துக்கு பணம் உண்டா, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பி வைக்க ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள். சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்: உயிர் போய்விட்டால் உடலை ஊருக்கு கொண்டுவரும் செலவும் பல பாலிசிகளில் இருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

'நோய் இல்லைன்னு போட்டுடலாம்'

பாலிசி விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். ஏற்கனவே ஏதாவது நோய் உண்டா? இதை 'பிரீ எக்ஸிஸ்டிங் டிசீஸ்' என்பார்கள். சர்க்கரை, பி.பி., ஆஸ்துமா, வைத்த ஸ்டென்ட், செய்த பைபாஸ் எல்லாம் இதில் அடக்கம். "இல்லைன்னு போட்டாதான் பாலிசி உடனே வரும், பிரிமியமும் கம்மி" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். சில நேரம் நம்மை கேட்காமலேயே 'இல்லை' என்று தட்டிவிட்டு பிரிண்ட் எடுத்து கொடுப்பதும் உண்டு.

சிக்கல் வெடிப்பது பிறகுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்பதுதான். உயிர் காக்கும் நேரம், யாரும் மறைக்க மாட்டார்கள், மறைக்கவும் கூடாது. டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவார்: 10 வருடமாக சர்க்கரை நோய், 6 வருடமாக ரத்த அழுத்தம். அந்த ஒரு வரி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போகும். "நோயை மறைத்து பாலிசி எடுத்திருக்கிறீர்கள்" என்று கிளைமை தள்ளிவிடுவார்கள். பிரிமியத்தில் மிச்சம் பிடித்தது சில நூறு. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் அளவுக்கு பில்.

சரி, உண்மையை சொல்லிவிட்டால் எல்லாம் கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. இங்கேதான் பாலிசிக்கு பாலிசி வித்தியாசம். பல பாலிசிகளில் பழைய நோயால் வரும் செலவே கிடையாது. சில பாலிசிகளில் உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும், அந்த ஆபத்து நீங்கும் வரை ஆகும் செலவை, ஒரு குறிப்பிட்ட தொகை வரை தருவார்கள். கொஞ்சம் கூட பிரிமியம் கட்டினால் இந்த தொகையை உயர்த்தித் தரும் பாலிசிகளும் இருக்கின்றன. வீட்டில் பெரியவர் வருகிறார் என்றால், கூட கட்ட வேண்டிய பணம் இதற்குத்தான். பெட்டி, லேப்டாப்புக்கு அல்ல.

60 தாண்டியவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. அட்டையில் '50 ஆயிரம் டாலர்' என்று பெரிதாக போட்டிருக்கும். உள்ளே சின்ன எழுத்தில் இந்த வயதுக்கு மேல் ஒரு நாள் அறை வாடகைக்கு இவ்வளவு, ஐ.சி.யு.வுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ஆக மொத்தம் கைக்கு வருவது வேறு. "சப் லிமிட் இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்பவர் தடுமாறினால் பாலிசி காகிதத்தை வாங்கி, படித்த பிள்ளையிடம் கொடுத்து பார்க்கச் சொல்லுங்கள். 'டிடக்டிபிள்' என்றும் ஒன்று இருக்கும். ஒவ்வொரு கிளைமிலும் முதல் 50 டாலரோ 100 டாலரோ நம் பொறுப்பு என்று அர்த்தம்.

கப்பல் காத்திருக்காது

சென்னையில் இருந்து சிங்கப்பூருக்கு விமானம். அங்கே அன்று மாலை கப்பல். இப்படி ஒரே நாளில் டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்சிகள் உண்டு. மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பர் 4-ந்தேதி சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். அன்றைக்கு மாலை கப்பல் பிடிக்க வேண்டியவர் என்ன செய்வார்? விமான கம்பெனி டிக்கெட் பணத்தை திருப்பித் தரலாம். கப்பல் பணம் அவர்கள் கணக்கு இல்லை.

சில பாலிசிகளில் அடுத்த விமானத்தை தவறவிட்டால் மட்டும் பணம் உண்டு, கப்பலை தவறவிட்டால் கிடையாது. கப்பல் பயணத்துக்கென்றே தனிப்பிரிவு சேர்த்துத் தரும் கம்பெனிகளும் இருக்கின்றன. 'குரூஸ்' என்ற வார்த்தை பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். புயல் கடலில் உருவாகி, வானிலை மையம் அறிவித்த பிறகு ஓடிப்போய் பாலிசி எடுத்தால் அந்த புயலுக்கு பணம் வராது. டிக்கெட் போட்ட கையோடு பாலிசியும் போடுவதே சரி. இன்சூரன்சை விட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு நாள் முன்னாடியே போய்விடுங்க. தேக்கா பக்கம் ஒரு ராத்திரி தங்கினால் இட்லியும் கிடைக்கும், நிம்மதியும் கிடைக்கும்.

கொரோனா நேரத்தில் நடந்ததும் ஞாபகம் இருக்கும். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோகாமாவில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலை சுமார் 3,700 பேருடன் நிறுத்தி வைத்தார்கள். 700-க்கும் மேற்பட்டவர்களுக்கு தொற்று. அதில் இருந்த இந்தியர்கள் 119 பேர் தனி ஏர் இந்தியா விமானத்தில் அழைத்து வரப்பட்டனர். தொற்றால் கப்பலில் அடைத்து வைத்தால் பணம் உண்டா என்பது பாலிசிக்கு பாலிசி மாறும். கேட்டு வைத்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை.

எதற்கெல்லாம் கிடைக்காது?

குடித்துவிட்டு மாடிப்படியில் விழுந்து கால் முறிந்தால் கிடைக்காது. ஜெட் ஸ்கி, பாராசெய்லிங் போன்ற சாகச விளையாட்டுகளுக்கு பல பாலிசிகளில் இடமில்லை. கர்ப்பம் சம்பந்தப்பட்ட செலவும் அப்படித்தான். பெரும்பாலான கப்பல்களில் 24 வாரம் தாண்டிய கர்ப்பிணியையும், 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையையும் ஏற்றவே மாட்டார்கள். அது தெரியாமல் டிக்கெட் போட்டால் பணம் போனது போனதுதான். "மனசு மாறிடுச்சு, போகல" என்றாலும் பைசா வராது.

சென்னையில் ஏறி சென்னையிலேயே இறங்கும் 2 ராத்திரி கப்பலுக்கு வெளிநாட்டு பாலிசி பொருந்தாது. அதற்கு உள்நாட்டு பயண பாலிசி கேட்க வேண்டும். மெடிக்ளைம் கார்டு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். ஊரைப் பொறுத்து 10 அல்லது 15 படுக்கையாவது இருந்தால்தான் மெடிக்ளைம் கணக்கில் அது 'ஆஸ்பத்திரி'. கப்பலில் உள்ள கிளினிக்குக்கு அவ்வளவு படுக்கைக்கு எங்கே போவது?

வெளிநாட்டு பாலிசி எடுப்பவர்கள் கப்பல் நிற்கும் எல்லா நாடும் அதில் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆசியா பாலிசி, அமெரிக்கா-கனடா தவிர்த்த பாலிசி, உலகம் முழுமைக்குமான பாலிசி என்று தனித்தனியாக இருக்கின்றன. கப்பல் இறங்கும் தேதியோடு பாலிசியை முடிக்காமல், வீடு திரும்பும் நாள் வரை போடுங்கள். இந்தியாவை விட்டு கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும் என்பது முக்கியம்.

ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது இன்சூரன்ஸ் கட்டத்தில் தானாகவே டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். அப்படி முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே சொல்லிவிட்டது.

காகிதம் பத்திரம்

பாலிசி நம்பரும், 24 மணி நேர உதவி போன் நம்பரும் வீட்டில் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். போனில் மட்டும் வைத்தால், நடுக்கடலில் சிக்னல் இல்லாதபோது திண்டாட்டம். ஒரு காகிதத்தில் எழுதி அப்பா சட்டைப்பையில் வையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை பட்டியலும், உள்ளூர் டாக்டர் சீட்டும் அதோடு இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதல் வேலை அந்த உதவி நம்பருக்கு தகவல் சொல்வது. கப்பல் டாக்டரிடம் சிகிச்சை விவரத்தை கையெழுத்து, சீல் போட்டு வாங்காமல் இறங்காதீர்கள். ஊருக்கு வந்து மெயில் போட்டு கேட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

நோயை எல்லாம் சொல்லித்தான் எடுத்தோம், இருந்தும் கிளைமை தள்ளிவிட்டார்கள் என்றால் என்ன செய்வது? முதலில் அந்த கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 'ஆம்புட்ஸ்மேன்' என்பார்கள். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி கைவிரித்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் இலவச போன் நம்பர் 155255.