பெயருக்குப் பதிலாக நிற்கும் சொல்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் வழியில், மலைத்தொடர் இருமருங்கும் விலகி இடம் விடும் கணவாயில் அமைந்தது வாளையார். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் உருவாகும் வரையில் அதன் கிழக்கும் மேற்கும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தனவாகவே இருந்தன. அன்று முதல் அது எல்லையூர் ஆயிற்று. அங்குள்ள தமிழர் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி, வங்கியிலும் இரயில் நிலையத்திலும் ஆங்கிலப் படிவங்களை நிரப்புகின்றனர். இம்மூன்று மொழிகளையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போர்க்கு, பிரதிப்பெயர் என்னும் இலக்கணப் பகுதி எளிதில் விளங்கும்.

'வந்தான்' என்று தமிழில் கூறினால் போதும். வந்தவன் ஒருவன், ஆண், படர்க்கையில் உள்ளவன் என்பனவெல்லாம் விகுதியிலேயே அடங்கிவிடுகின்றன. மலையாளமோ அவ்விகுதியைக் கைவிட்டுவிட்டது. 'ஞான் வந்நு', 'நீ வந்நு', 'அவள் வந்நு' என வினை மாறாது நிற்கும். ஆங்கிலத்துக் 'கேம்' என்னும் வினையும் அத்தகையதே. வந்தவர் யார் என்பதை அது தானாகச் சொல்லாது. ஆகவே தமிழில் எழுவாயின்றி எழுதிப் பழகிய நாம், ஆங்கிலத்தில் பெயரையோ, அதற்குப் பதிலாக 'ஹி', 'ஷி', 'இட்', 'தே' என்பவற்றுள் ஒன்றையோ வாக்கியந்தோறும் வைத்தே ஆகவேண்டும். பெயரையே திரும்பத் திரும்ப எழுதினால் செவிக்கு இன்னாது என்பதால், பிரதிப்பெயரைக் கொள்க என்று பள்ளிப் புத்தகங்கள் கூறுகின்றன. நல்ல விதிதான். ஆயினும் அவ்விதி எங்கே நின்றுவிடவேண்டும் என்பதை அப்புத்தகங்கள் போதிய அளவு சொல்வதில்லை.

'ஆசிரியர் விண்ணப்பம் எழுதித் தம் மனைவியிடம் காட்டினார். அவர் அதில் ஒரு பிழை கண்டார்' என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். பிழை கண்டவர் ஆசிரியரா, மனைவியா? மரியாதை கருதி இருவரையும் 'அவர்' என்றோம். அம்மரியாதையே ஐயத்தை விளைத்தது. ஆங்கிலத்தில் இங்கே 'ஷி' என்று எழுதியவுடன் ஐயம் அகன்றுவிடும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு; அதுவே நமக்குக் கேடு செய்வது. இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இவ்வாறு ஒரு மனு எழுதப்படுவதாகக் கொள்வோம்: 'தொழிலாளி மேற்பார்வையாளரிடம் தம் பெயர் பதிவேட்டில் இல்லை என்று கூறினார்.' தமிழில் மயக்கமே இல்லை. 'தம்' என்பது கூறியவரையே சுட்டும். மேற்பார்வையாளரின் பெயராயின் 'அவர் பெயர்' என்றிருக்கும். இதை ஆங்கிலமாக்குங்கால் 'தம்', 'அவர்' என்னும் இரண்டும் 'ஹிஸ்' என்னும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. பதிவேட்டில் இல்லாதது யாருடைய பெயர் என்று அம்மனுவைப் படிக்கும் அதிகாரி கேட்கலாம். அக்கேள்விக்கு விடை எழுதி அனுப்பி முடிப்பதற்குள் மாதங்கள் கழியக்கூடும். இத்தகைய இடத்தில் 'ஹிஸ்' என்பதை நீக்கி, 'தொழிலாளியின் பெயர்' என்று மீண்டும் எழுதுவதே தக்கது. அழகு சற்றுக் குறையும், குறையட்டும்.

கேரளத்தில் வாழும் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த, அம்மாநிலத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு ஆங்கிலமே கைகொடுப்பதால், இந்நுட்பம் அவர்க்கு இன்னும் இன்றியமையாதது.

முன்பின் வைப்பிலும் ஒரு வேற்றுமை உண்டு. பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வருமிடத்து, பெயரே முன்னர் வரவேண்டும், சுட்டுப்பெயரை முதலிற் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதிக்கிறது. செய்யுளுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. ஆங்கிலத்திலோ, 'ஹி' வந்தபோது எழுத்தர் கதவைப் பூட்டினார் என்பது போலச் சுட்டை முன்னே விட்டுப் பெயரைப் பின்னே கொணர்வது உரைநடையிலும் வழக்கம். அப்பொழுது வந்தவர் எழுத்தர்தாமா, வேறொருவரா என்பது ஐயமே. மனு எழுதுவோர் தொல்காப்பியர் வழியே நிற்பது நலம் என்பது நம் கருத்து.

சட்ட வாசகத்துக்கு வருவோம். குடியரசுத் தலைவரின் பதவிக்காலத்தைக் கூறும் அரசமைப்பின் 56-ஆம் உறுப்பு, அவரை ஆங்கிலத்தில் 'ஹி' என்றே குறிக்கிறது. 2007-இல் பிரதிபா பாட்டீல் அவர்களும் 2022-இல் திரௌபதி முர்மு அவர்களும் பதவியேற்றபோது அவ்வாசகம் மாற்றப்படவில்லை. மத்தியச் சட்டங்களில் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்று 1897-ஆம் ஆண்டுப் பொது வாசகச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு முன்னரே கூறியிருக்கிறது. அரசமைப்புக்குப் பொருள் காண்பதற்கும் அச்சட்டம் பொருந்துமென்று 367-ஆம் உறுப்பு சொல்கிறது. தமிழாக்கம் செய்யும் நமக்கு இங்கே தொல்லையே இல்லை. சற்றுமுன் குழப்பம் விளைத்த அதே 'அவர்', இவ்விடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் செவ்வனே பொருந்தி நிற்கிறது.

இறுதியாகத் தன்மைப் பன்மை. கேட்போரையும் உட்படுத்தும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்' என்னும் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'வி' ஒன்றே. வெளிமாநிலத் தமிழ்ச் சங்கம் ஒன்று, கட்டட நிதிக்கு 'வி' பணம் தரவேண்டும் என்று ஆங்கிலத்தில் சுற்றறிக்கை விடுமாயின், தருவது செயற்குழுவா, படிக்கும் உறுப்பினருமா? அங்கே 'செயற்குழுவினர்' என்றோ 'உறுப்பினர் அனைவரும்' என்றோ பெயரை எழுதிவிட்டால், பணம் கேட்டு வருகிறவரிடம் வாசலில் நின்று இலக்கணம் பேசவேண்டியிராது.