ஐந்தாம் எண்ணும் பதினாறாம் எண்ணும்

புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடியறையில், கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் விடுமுறை நாள்களில் போர் விமானம் ஓட்டுகிறான், கணினித் திரையில்தான். 'டி.சி.எஸ். வேர்ல்டு' என்னும் அந்த மென்பொருள், உண்மையான எஃப்-18 விமானியின் அறையை ஏறத்தாழ அப்படியே காட்டுகிறது. ஒருநாள் அருகே அமர்ந்து பார்த்தேன். இணையம் வழியே நண்பர்கள் மூவருடன் புறப்பட்டவன், சிறிது நேரத்தில் வானில் தனித்துப் போனான். விமானம் பழுதாகவில்லை, எதிரி சுடவுமில்லை. அவன் பேசியது எவருக்கும் கேட்கவில்லை, அவ்வளவே.

காரணம் எளியது. அவ்விமானத்தில் இரண்டு வானொலிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 20 அலைவரிசைகளை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். பறக்கும்போது அதிர்வெண்ணை இலக்கம் இலக்கமாக உள்ளிட நேரமிராது. குமிழைத் திருகி 5 என வைத்தால் போதும். ஆனால், 5 என்பது வெறும் பெயர். ஒருவரது ஐந்தில் 254 மெகாஹெர்ட்ஸும், மற்றவரது ஐந்தில் 264 மெகாஹெர்ட்ஸும் பதிந்திருந்தால், ஒரே எண்ணில் இருந்தும் இருவரும் ஒருவருக்கொருவர் செவிடரே. எனவேதான், புறப்படும் முன்பே அலைவரிசைப் பட்டியலை ஒப்பிட்டுக் கொள்வது விமானிகளின் வழக்கம்.

வீண்பேச்சு படக்கூடாத அலைவரிசையும் ஒன்றுண்டு. ராணுவ விமானங்களுக்கு 243, பயணிகள் விமானங்களுக்கு 121.5 மெகாஹெர்ட்ஸ். அவை ஆபத்துக் காலத்துக்கு உரியவை. தங்கை மகன் இறுதியில் நண்பர்களைக் கண்டடைந்ததும் 243-இல்தான்.

விளையாட்டில் தவறினால் மீண்டும் தொடங்கலாம். தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து கடலுக்குச் செல்லும் மீனவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. படகுகளில் உள்ள வி.எச்.எஃப். கருவியும் எண்களால் இயங்குவதே. ஆனால், இங்கே பட்டியலை உலக நாடுகள் பொதுவாக வகுத்துவிட்டன. 16 என்றால் எந்தக் கடலிலும் 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கும், ஒருவரை முதலில் அழைப்பதற்கும் உரியது. மறுமுனை கிடைத்ததும் பேச்சை வேறு எண்ணுக்கு மாற்றிக் கொள்ள வேண்டும்.

இது வெறும் சடங்கு அன்று. விமான வானொலி ஏ.எம். முறையில் இயங்குவது, இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சொலி எழும், எவரோ குறுக்கிட்டது தெரிந்துவிடும். கடல் வானொலியோ எஃப்.எம். முறை, வலுவான அலை மெலிந்த அலையை அடக்கிவிடும். அருகிலுள்ள படகில் மீன் விலை பேசும் குரல், தொலைவில் கவிழும் படகின் அபயக் குரலைச் சுவடின்றி விழுங்கிவிடும்.

மேலும், இவ்வலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால், தாழ்ந்த படகிலிருந்து கைக்கருவியில் பேசினால் சில கடல் மைல்களே எட்டும். 2017-இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த மீனவர் பலரைக் கரையின் எச்சரிக்கை சென்றடையவில்லை. கரை எட்டாத இடத்தில், அடுத்த படகு கேட்டு அதற்கடுத்த படகுக்குச் சொல்வதே வழி. இடையில் ஒரு படகு 16-ஐக் கேளாதிருந்தாலும் அச்சங்கிலி அறுந்துவிடக்கூடும்.

முன்னேற்பாட்டின் அருமை நம் ஊருக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாடு கிராமத்தின் ஒலிபெருக்கி அதை அறிவித்தது. மக்கள் வெளியேறி உயிர் தப்பினர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையத் திட்டத்தில் அமைந்தது அந்த ஒலிபெருக்கி. ஆபத்து வருமுன்பே அது அங்கிருந்தது. ஊராருக்கு அதன் குரல் பழகியிருந்தது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். வலையைச் சீரமைக்கும் அந்நாள்களில், ஒவ்வொரு படகின் வானொலியையும் சோதித்து, பேசுவதற்கு ஓர் எண், கேட்பதற்கு 16 என உறுதி செய்ய மீன்வளத் துறையும் மீனவப் பஞ்சாயத்துகளும் முன்வர வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை; புறப்படும் முன் ஓர் உடன்பாடு போதும்.